ஏவுதளத்தில் நிற்பவரின் எடை

ஜூன் 9, திங்கள்

காலையில் தேர்வுக் குழு அலுவலகத்திலிருந்து தொலைபேசி. மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பணிக்காக நடந்த இயற்பியல் தேர்வின் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டிருக்கிறார்கள். சில விடைகள் தவறு என்று தேர்வு எழுதியவர்கள் ஆட்சேபணை அனுப்பியிருக்கிறார்கள். அவற்றைப் பார்த்து இறுதி விடையை முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட குழு. அதில் நானும் ஒருவன்.

கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. என்னை எப்படி நினைவு வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை. முதலில் கேட்ட யாரோ வர முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

தலைவர் தாமோதரன் சார். பல்கலைக்கழகத்தில் எனக்குச் சீனியர். அவர் பெயரைக் கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன். அவரிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை.

குழுவில் இருப்பதை வீட்டிலும் சொல்லக் கூடாதாம். ஒரு கல்லூரியில் வாய்மொழித் தேர்வு, வைவா, இருக்கிறது என்று பகவதியிடம் சொன்னேன். மருமகளிடம் பொய் சொல்வது இதுதான் முதல் தடவை. அவள் எதுவும் கேட்காமல், வெளுத்த சட்டையை எடுத்துத் தேய்த்து வைத்துவிட்டாள்.

மாலையில் பேத்தி மீனுவின் பள்ளிக் காலணிக்கு வார் தைத்து வாங்கி வந்தேன். தையல் சரியாக இல்லை. திருப்பிக் கொடுக்கத் தயக்கமாக இருந்தது. கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

அலுவலகத்தில் நுழைந்ததும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள். ரத்த உறவிலோ திருமண உறவிலோ யாரும் இந்தத் தேர்வை எழுதவில்லை என்று. கையெழுத்துப் போடும் முன் யோசித்துப் பார்த்தேன். மகன் ராஜவேல் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். பகவதி இயற்பியல் எம்.எஸ்சி. தான். ஆனால் என் மனைவி செண்பகம் படுக்கையில் விழுந்தபோது பள்ளி வேலையை விட்டவள், செண்பகம் போன பிறகும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாங்கள் யாரும் விடச் சொல்லவில்லை. அவளாகவேதான் விட்டாள். கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாமவர் ரெஜினா மேடம். அரசுக் கல்லூரியில் இணைப் பேராசிரியர். எங்களைவிட இருபது வயதாவது சின்னவர்.

வேலை நடக்கும் விதம் இது. அதிகாரி கேள்வியையும் ஆட்சேபணையையும் படிப்பார். விடைக்குறிப்பு சரி என்றால் தாமோதரன் சார் "கீ நிக்கும்" என்பார், இல்லாவிட்டால் "மாத்திடலாம்" என்பார். ரெஜினா மேடம் தலையாட்டுவார். நானும். பகல் சாப்பாட்டுக்குள் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

பிறகு ஒரு ராக்கெட் கணக்கு வந்தது. ஏவுதளத்திலிருந்து நேராக மேலே கிளம்பும் ராக்கெட் பத்து விநாடியில் விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தை அடைகிறது. முடுக்கம் சீரானது. உள்ளே நிற்கும் விண்வெளி வீரரைத் தரைப்பலகை மேல்நோக்கித் தள்ளும் விசை, அவர் எடையைப்போல் எத்தனை மடங்கு? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்க. விடைக்குறிப்பில் மூன்று மடங்கு என்று இருக்கிறது. ஆட்சேபித்தவர்கள் நான்கு என்கிறார்கள்.

"கீ நிக்கும். எல்லா கைடுலயும் மூணுதான்" என்றார் தாமோதரன் சார்.

நான் அதற்குள் தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்திருந்தேன். எனக்கு நான்கு வந்தது. முடுக்கம் 30, அது புவியீர்ப்பைப்போல் மூன்று மடங்கு என்பது சரி. ஆனால் அந்தப் பலகை அவரை மேலே விரட்டுவதோடு அவருடைய எடையையும் தாங்க வேண்டுமல்லவா. மூன்றும் ஒன்றும் நான்கு.

அதைச் சொல்லவில்லை. "இன்னொரு தடவை பார்த்துக்கிடுதேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

"ஆவுடை, ராக்கெட் போய்ச் சேர்ந்தாச்சு. நீ இன்னும் கவுண்ட்டவுன்லயே நிக்கிறே" என்றார். அதிகாரியும் சிரித்தார். பிறகு போனால் போகிறது என்று அந்த ஒரு கேள்வியை அடுத்த அமர்வுக்கு வைத்தார்கள். பதினெட்டாம் தேதி.

கிளம்பும்போது அதிகாரி விதியைச் சொன்னார். மூவரும் ஒத்துப்போனால் ஒரே தாளில் கையெழுத்து. ஒருவர் மாறுபட்டாலும் அவர் கைப்படக் காரணம் எழுதித் தர வேண்டும். கேள்வி கருத்துக்காக மேலே ஒரு நிறுவனத்துக்குப் போகும். இதுவரை யாரும் அப்படி எழுதியதில்லையாம்.

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து அந்தக் கணக்குதான். நியூட்டன் விதி வழியாகப் போட்டேன். நான்கு. ராக்கெட்டுக்கு உள்ளே நின்று பார்ப்பவர் கோணத்தில் போட்டேன். நான்கு. ஆனாலும் எல்லாக் கைடும் தப்பாக இருந்து நான் ஒருவன் சரியாக இருப்பேன் என்று நம்பத் தைரியம் வரவில்லை. வகுப்பை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

பரணில் இருந்த பழைய புத்தகங்களை இறக்கித் தேடினேன். கிடைத்தது. அதே எண்கள். அதே பத்து விநாடி. ஆனால் புத்தகத்தில் அந்த ராக்கெட் எந்தக் கோளும் அருகில் இல்லாத விண்வெளியில் போகிறது. அங்கே தாங்குவதற்கு எடை இல்லை. மூன்று சரிதான்.

கேள்வி தயாரிப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பழைய கணக்கை எடுத்து, எண்களைத் தொடாமல் கதையை மட்டும் மாற்றுவார்கள். எண்ணை மாற்றினால் விடையை மறுபடி போட வேண்டும், கதையை மாற்றினால் வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை. மாம்பழத்தை ஆரஞ்சு ஆக்கினால் கணக்கு மாறாது. இவர் ராக்கெட்டை விண்வெளியிலிருந்து தரைக்கு இறக்கியிருக்கிறார். பூமியே கணக்குக்குள் வந்துவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை.

இவ்வளவு கண்டுபிடித்த பிறகும் மனம் கேட்கவில்லை. ராஜவேலின் எடை பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு எங்கள் கட்டடத்தின் லிஃப்டுக்குள் போனேன். மேலே கிளம்பும் கணத்தில் முள் ஒரு துள்ளு துள்ளி, பிறகு பழைய இடத்துக்கு வந்தது. கிளம்பும் முன்பும் முள் பூஜ்யத்தில் இல்லை என்பது தெரிந்த விஷயம்தான். துள்ளல் அதற்கு மேல்தான் நடக்கிறது. நான்கு தடவை போய் வந்தேன். ஐந்தாம் தடவை இரண்டாவது மாடி பத்மாசனி அம்மா ஏறிவிட்டார்.

"எவ்வளவு குறைஞ்சிருக்கு சார்?" என்றார்.

"இறங்கும்போது குறையும்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

வீட்டுக்குள் கருவியோடு நுழைந்ததைப் பகவதி பார்த்துவிட்டாள். சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோல் ஒரு சந்தேகம் கேட்டாள். தரையிலிருந்து கிளம்பும் ராக்கெட், பத்து விநாடி, முன்னூறு மீட்டர். மூன்றா, நான்கா.

எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். யூடியூப்பில் என்றாள். இப்போது யூடியூப்பில் எல்லாமே வந்துவிடுகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் சிறிது நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பீன்ஸ் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

ரத்த அழுத்தம் பார்த்தேன். கூடியிருக்கிறது. உப்பைக் குறைக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

பகவதி பால்கனியில் நின்று யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். "ஒரு மார்க்குதான்ட்டீ" என்று காதில் விழுந்தது. மீனுவின் பள்ளி விஷயமாக இருக்கலாம். ஒன்றாம் வகுப்பிலேயே இப்போது மார்க் போடுகிறார்களா என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மதியச் சாப்பாட்டின்போது ராஜவேல் யாரோ ஒரு நண்பனைப் பற்றிச் சொன்னான். அவன் மனைவிக்கு அரசு வேலை கிடைத்துத் தருமபுரிப் பக்கம் போட்டுவிட்டார்களாம். வீடு இரண்டாகிவிட்டது என்று வருத்தப்பட்டான். பிறகு, நம் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை, பகவதி வேலைக்குப் போய்விட்டால் அப்பாவை யார் பார்ப்பது என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு இன்னொரு கரண்டி ரசமும் ஊற்றினான்.

பகவதி எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். சொம்பில் தண்ணீர் இருந்தது.

அவன் சொன்னதற்கு நான் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. ரசம் நன்றாக இருந்தது என்றேன்.

ஜூன் 16, திங்கள்

மாத்திரை கொடுக்க வந்த பகவதி போகாமல் எதிரே உட்கார்ந்தாள். ராஜவேல் ஷிப்டுக்குப் போயிருந்தான். மீனு பள்ளியில்.

"மாமா, அவங்ககிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. மார்ச்ல நாகர்கோவிலுக்குப் புது வீட்டுப் பால்காய்ப்புக்குன்னு போனம்லா, அது பால்காய்ப்பு இல்ல. பரீட்சை."

எந்தப் பரீட்சை என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். போன முறை கட்ஆஃபை வைத்துப் பார்த்தால் ஒரு மதிப்பெண்ணில் நிற்கிறதாம். அந்த ராக்கெட் கணக்குக்கு நான்கு என்று எழுதியிருக்கிறாள். ஆட்சேபணையும் அனுப்பியிருக்கிறாள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் மூன்று என்று சொல்லிச் சொல்லி, இப்போது அவளுக்கே தன் விடைமேல் சந்தேகம் வந்துவிட்டது. இனி இந்தத் தேர்வை எப்போது வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு முன் வைத்து எத்தனையோ வருஷம்.

"எங்க தப்புனு தெரிஞ்சாகூடப் போதும் மாமா. விட்டுருவேன்."

குழுவைப் பற்றி நான் சொல்லக் கூடாது. ஆனால் கேட்ட கணக்குக்கு விடை சொல்வதை யார் தடுக்க முடியும். "நாலுதான்" என்றேன். என் குரல் வழக்கத்தைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"எல்லாரும் மேல போகும்போது கூடுத கனத்தை மட்டும் எண்ணுதாங்க மாமா. சும்மா நிக்கும்போதே காலடியில ஒரு கனம் இருக்குல்லா. அதை யாரும் சேக்க மாட்டேங்காங்க."

அடுப்பில் பால் பொங்கும் வாடை வந்தது. எழுந்து ஓடினாள். நான் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

என் உறுதிமொழி பொய்யாகிவிட்டது. போடும்போது பொய் இல்லை. இப்போது பொய்.

ஜூன் 17, செவ்வாய்

முறையாக யோசிக்க வேண்டும் என்று ஒரு தாளை எடுத்தேன். நடுவில் ஒரு புள்ளி. அதுதான் நான். என்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளாக வரைந்தேன். மாணவர்களிடம் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

உறவை மறைத்துக் குழுவில் இருந்து நான்கு என்று வாதாடலாம். விடை சரி. ஆனால் நாளைக்குத் தெரிந்தால் பகவதியின் வேலையே செல்லாமல் போகும். சரியான விடையும் களவாடிய விடைபோல் ஆகிவிடும்.

உறவைச் சொல்லி விலகலாம். அதுதான் விதி. ஆனால் விலகினால் அந்த அறையில் நான்கு என்று சொல்ல யார் இருப்பார்கள். தாமோதரன் சார் மூன்று என்பார். ரெஜினா மேடம் தலையாட்டுவார். அவளைப்போல் நான்கு எழுதிய எத்தனையோ பேருக்கும் சேர்த்துத்தான் அந்தத் தலையாட்டல்.

அப்புறம் இன்னொரு அம்பு. மூன்று என்றே இருந்துவிட்டால் பகவதி எங்கேயும் போக மாட்டாள். காலையில் காப்பி வரும். மாத்திரை வரும். மீனு என் மடியில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வாள். நான் எதையும் செய்ய வேண்டியதில்லை, கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்த அம்பை எந்தத் திசையில் வரைவது என்று தெரியாமல் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது சிறிய அம்பாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. தாளைக் கிழித்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

சீக்கிரமே போய்விட்டேன். விலகல் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. தாமோதரன் சாரும் ரெஜினா மேடமும் வந்திருந்தார்கள். அதிகாரி வரவில்லை. எதை முதலில் சொல்வது என்பதில் எனக்குக் குழப்பம் இருந்தது. முதலில் வாதாடிவிட்டுப் பிறகு உறவைச் சொல்வது நேர்மையில்லை. ஆகையால் உட்காரும் முன்பே சொன்னேன். என் மருமகள் இந்தத் தேர்வை எழுதியிருக்கிறாள், திங்கட்கிழமைதான் எனக்குத் தெரிந்தது, அதனால் விலகுகிறேன் என்று.

தாமோதரன் சார் கதவைப் பார்த்துவிட்டு, என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். தோளில் கை போட்டார். அவர் கை இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. அவள் அந்தக் கேள்விக்கு என்ன எழுதினாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. விலகவே வேணாம்யா. மூணுன்னு கையெழுத்துப் போடு. மருமகளுக்கு எதிராக் கையெழுத்துப் போட்டவன்னு பேரு. நாளைக்கு எவன் தகவல் கேட்டு மனு போட்டாலும் உன் பக்கம் சுத்தம். உன்னைவிட யோக்கியன் இந்த ஊர்ல உண்டா?"

இங்கே ஒன்றை எழுதியாக வேண்டும். அவர் சொன்னது ஒரு கணம் எனக்குச் சரி என்றே தோன்றியது. அதைவிடவும், மனம் லேசாயிற்று. நேற்று வரையத் தெரியாமல் இருந்த அம்புக்கு அவர் திசை காட்டிவிட்டார். நேர்மை என்ற பெயரும் கிடைக்கும், பகவதியும் வீட்டிலேயே இருப்பாள். பேனாவை எடுத்தேன் என்றுகூட நினைக்கிறேன். எடுக்காமலும் இருந்திருக்கலாம். கை சட்டைப் பை வரை போனது உறுதி.

பையில் கடிதம் தட்டுப்பட்டது. அப்போது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஒரு கேள்வி வாயில் வந்துவிட்டது.

"சார், ராக்கெட் இன்னும் கிளம்பல. ஏவுதளத்துல சும்மா நிக்குது. முடுக்கம் பூஜ்யம். அப்ப பலகை அவரை எத்தனை மடங்கு தள்ளும்?"

"முடுக்கமே இல்லன்னா அப்புறம் எங்க தள்ளும்? பூஜ்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

ரெஜினா மேடம் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். "அப்ப அவர் தரையிலேயே மிதந்துக்கிட்டு இருக்கணுமே சார்" என்றார்.

மின்விசிறிக்குத் தாள்கள் படபடத்தன. தாமோதரன் சார் என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறே? முதல் நாளே தெரியும். கேள்வி போட்டவன் என்கிட்ட பிஎச்.டி. பண்ணவன். என் பிள்ளை மாதிரி. ஒரு கேள்வி மாறினா லிஸ்ட் பூரா ஆடும், அவனை இனிமே எந்தக் குழுவிலயும் சேர்க்க மாட்டான். ஒரு மார்க்குய்யா. ஒரு மார்க்குக்கு ஒருத்தன் பேரைக் கெடுக்கணுமா?"

அவரை நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தெரியும். அவர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே.

"அப்ப நாம ரெண்டு பேருமே இந்த அறையில இருக்கக் கூடாது சார்" என்றேன்.

அவரைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. விதி அப்படித்தான் இருக்கிறது.

அதிகாரி வந்ததும் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்பார் என நினைத்தேன். அவர், இப்படி வந்து சொல்பவர்கள் குறைவு, உங்கள் இடத்தில் இன்னொருவரைப் போட்டுக்கொள்கிறோம் என்றார். தாமோதரன் சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறேன் என்று சொன்னேன். அவர் திரும்பவில்லை. ரெஜினா மேடம் ஒரு வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எதற்கு என்று தெரியாது.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. அப்போதுதான் உறைத்தது. விலகியவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. நான் விடையைச் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். இது நியாயமா, வெறும் சமாதானமா என்று எங்கள் அம்பத்தூர் வரும்வரை முடிவு செய்ய முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

வைவா எப்படி இருந்தது என்று பகவதி கேட்டாள். கஷ்டமான கேள்வியாகக் கேட்டார்கள் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

நாள் முழுவதும் படுத்திருந்தேன். காய்ச்சல் இல்லை.

ஜூலை 7, திங்கள்

இறுதி விடைக்குறிப்பு வெளியாகிவிட்டது. பகவதி கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளே படித்தாள். நான்கு.

மேலே இருக்கும் நிறுவனத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டதாகக் கீழே ஒரு வரி இருந்தது. அப்படியானால் யாரோ ஒருவர் மாறுபட்டுக் கைப்பட எழுதியிருக்கிறார். என் இடத்தில் வந்தவரா, வேறு யாராவதா என்று எனக்கு எப்படித் தெரியும். அந்த வெள்ளைத் தாள் ஞாபகம் வந்தது.

"நாலுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான் மாமா" என்றாள் பகவதி. "அங்கயும் யாரோ ஒரு நல்ல மனுஷன் சண்டை போட்டிருக்கணும். அவரு யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்துருவேன்."

"பெண்மணியாக்கூட இருக்கலாம்" என்றேன்.

"எப்படிச் சொல்லுதீங்க?"

"தோணுச்சு."

அவள் சிரித்தாள். சண்டை போட்டவர் ஆண் என்று நினைத்ததற்காகத் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். எழுதியவருக்குச் சேர வேண்டிய பெயரை நான் வாங்கிக்கொள்ளாமல் இருந்ததில் எனக்கு ஒரு திருப்தி.

தாமோதரன் சாருக்குத் தொலைபேசியில் பேசலாம் என்று எண்ணை எடுத்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பட்டியலில் பகவதி பெயர் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில்தான். ஆனாலும் இருக்கிறது. கூட எழுதிய நாகர்கோவில் தோழிக்கு இல்லை. அவள் அந்தக் கணக்குக்கு மூன்று எழுதியவள். பகவதி அவளோடு வெகுநேரம் பேசிவிட்டு, கண் சிவந்து வந்தாள்.

சாயங்காலம் ராஜவேலிடம் சொன்னாள். நான் வேறு அறைக்குப் போய்விடலாம் என்று எழுந்தேன். அவள் "இருங்க மாமா" என்றாள். இருந்தேன்.

அவனுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். என்னிடம் ஏன் மறைத்தாய், நான் வேண்டாம் என்று சொல்லுவேன் என்று எப்படி முடிவு செய்தாய் என்று கேட்டான். எங்கே போடுவார்கள் என்று கேட்டான். கள்ளக்குறிச்சிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு பள்ளியாக இருக்கலாம் என்றாள். மீனுவை அவளோடு அழைத்துப் போவது, நாகர்கோவிலிலிருந்து அவள் அம்மா வந்து துணைக்கு இருப்பது என்றெல்லாம் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள்.

"அதெல்லாம் சரி. அப்பாவை யாரு பாத்துக்கிடுதது?" என்றான்.

இரண்டு மாதம் முன்பு இதே கேள்வி வந்தபோது நான் ரசத்தைப் பாராட்டினேன். இன்று ரசம் இல்லை. உப்புமா.

"நீ பாரு. உனக்கு முடியலன்னா நான் உன்னைப் பாக்கேன். ரெண்டு ஆம்பிளைக ஒரு வீட்டுல இருந்தா யாரும் செத்துப்போக மாட்டாங்க" என்றேன்.

ராஜவேல் என்னை விசித்திரமாகப் பார்த்தான். சொன்னது நான்தானா என்று பகவதியும் பார்த்தாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பேச்சு அதோடு நின்று, உப்புமா ஆறிவிட்டது என்பதற்குப் போய்விட்டது.

அக்டோபர் 8, புதன்

ஞாயிற்றுக்கிழமை பகவதியையும் மீனுவையும் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தோம். மீனு ஜன்னல் இருக்கைக்காகச் சண்டை போட்டாள். அதனால் யாரும் அழுவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

மூன்று நாளாக வீட்டில் ஒலி இல்லை. மாத்திரையைப் பலகாரத்துக்கு முன் எடுத்தேனா பின் எடுத்தேனா என்று நினைவில்லை. பகவதி போகும் முன் டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். கடலைப் பருப்பு எது, துவரம் பருப்பு எது என்று எனக்குத் தெரியாது என்பதை எப்போதோ கண்டுபிடித்திருக்கிறாள்.

அக்டோபர் 10, வெள்ளி

ராஜவேலுக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட். பகலில் இருக்கிறான். இருவரும் சாம்பார் வைக்க முடிவு செய்தோம்.

அவன் காய் நறுக்கினான். நான் பருப்பைக் கழுவிக் குக்கரில் போட்டேன். தண்ணீர் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு. அவன் விரல் அளவு என்றான், யாருடைய விரல் என்று நான் கேட்டேன். அவன் சிரித்தான். செண்பகம் போன பிறகு இந்த அடுப்படியில் அவன் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

எத்தனை விசில் என்று எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. மூன்று என்றான் அவன். நான்கு என்றேன் நான். சந்தேகமாகத்தான் சொன்னேன். அவளிடமே கேட்டுவிடலாம் என்று கைப்பேசியை எடுத்துக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பதினொன்றே கால்.

"வகுப்புல இருப்பா" என்றான்.

"ஆமா, வகுப்புல இருப்பா" என்றேன்.

நாங்களே இறக்கினோம். பருப்பு சரியாக வேகவில்லை. இருவரும் அதையே இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.